பிக்கப் வண்டியில் டீசல் மிச்சம்: ஓசூர் ஏற்றத்துக்கும் தொப்பூர் இறக்கத்துக்கும் ஒரு வழிகாட்டி

காவேரிப்பட்டணத்தில் மாங்காய் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும் பிக்கப்பும், சுமையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் அதே பிக்கப்பும் ஒரே மைலேஜைக் கொடுப்பதில்லை. போகும்போது லிட்டருக்கு ஒன்பது, வரும்போது பதினாறு என்று வந்தால் வண்டியில் கோளாறு என்று பதற வேண்டாம், சாலை அப்படி. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இடையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும் இடத்தில்கூட வண்டி பெரும்பாலும் மெல்ல ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வண்டியும் சுமையும் சேர்ந்து மூன்று டன் என்று வையுங்கள். அதை 400 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 12 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்து சேர்ந்தால் அதிகம். மற்றதெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக, உயரம் ஏறுவதற்கு மட்டுமே ஒரு லிட்டர் செலவு. எவ்வளவு கெட்டிக்கார டிரைவரானாலும் இந்த ஒரு லிட்டரைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஏறிய உயரம் இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. அதை வாங்கிக்கொள்கிறோமா, பிரேக்கில் தேய்த்துத் தீர்க்கிறோமா என்பதில்தான் டிரைவருக்கு டிரைவர் வித்தியாசம்.

பொலேரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற டீசல் பிக்கப்பைப் புதிதாகவோ பழையதாகவோ வாங்கி கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் வாடகைக்கு ஓட்டத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்து வந்தால் நல்லது. முதல் படியைத் தாண்டிக் குதிக்க மட்டும் வேண்டாம்.

முதல் படி: அளக்கத் தெரிந்துகொள்வது

ஐந்நூறு ரூபாய்க்கு டீசல் போட்டு, முள் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது கணக்கு ஆகாது. ஃபுல் டேங்க் முறைதான் சரி. டீசல் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். அதற்கு மேல் ஆட்டி ஆட்டி ஊற்றச் சொல்லாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் நிரப்பும்போது அதே பங்க்கில், முடிந்தால் அதே மெஷினில், தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். பங்க்கின் அளவில் சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் முத்திரை அளவையில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். அந்த அளவை ஒவ்வொரு பங்க்கிலும் இருந்தாக வேண்டும், கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு திருத்தம் தேவை. போக, வர இரண்டும் சேர்ந்த கணக்கை மட்டுமே நம்புங்கள். கிருஷ்ணகிரியில் நிரப்பி ஓசூரில் மறுபடி நிரப்பினால் வண்டியைத் திட்டுவீர்கள்; ஓசூரில் நிரப்பிக் கிருஷ்ணகிரியில் நிரப்பினால் வண்டியைக் கொண்டாடுவீர்கள். இரண்டுமே பொய். தர்மபுரி–சேலம் ஓட்டத்துக்கும் இதே விதிதான். அங்கே திசை மட்டும் மாறுகிறது: போகும்போது தொப்பூர் கணவாயில் இறக்கம், திரும்பும்போது ஏற்றம்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கிலோமீட்டர், லிட்டர், எந்த வழி, எவ்வளவு சுமை. சுமையை எழுதாத நோட்டால் பயன் இல்லை. டயரின் அளவை மாற்றியிருந்தால் அதையும் எழுதுங்கள். பெரிய டயர் போட்ட வண்டியின் மீட்டர் உண்மையான தூரத்தைவிடக் குறைத்துக் காட்டும், மைலேஜ் விழுந்துவிட்டதாகத் தோன்றும்.

சுமை, கட்டு, காற்று

பதிவுச் சான்றில் மொத்த எடை எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறது. அதற்குள் ஏற்றுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அபராதத்தை விடுங்கள், அதிக பாரம் ஏற்றிய வண்டி முதலில் கிளட்சையும் பின்பு பிரேக்கையும் தின்கிறது. டீசலில் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரு கிளட்ச் பிளேட்டில் போய்விடும். சந்தேகம் வரும்போது எடை மேடையில் ஏற்றிப் பார்ப்பது மலிவான காப்பீடு.

எடையைவிடப் பலர் கவனிக்காதது உயரம். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட்டுகளில் தக்காளிப் பெட்டிகளை கேபினுக்கு மேல் இரண்டு மூன்று வரிசை அடுக்கிக் கட்டுகிறார்கள். கேபின் உயரத்தோடு நிற்கும் சுமையைக் காற்று அதிகம் தொடுவதில்லை. அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதெல்லாம் காற்றோடு நேரடியாக மோதுகிறது. அடுக்கியே ஆக வேண்டும் என்றால் முன்வரிசையைத் தாழ்த்திப் பின்னால் ஏற்றுங்கள். தார்ப்பாய் படபடவென்று அடிக்காமல் இழுத்துக் கட்டுங்கள். படபடக்கும் ஒவ்வொரு அடியும் டீசலில் இருந்துதான் வருகிறது. காலியாக வரும்போது தார்ப்பாயைச் சுருட்டிக் கீழே வையுங்கள். முன்பக்கம் மாட்டும் இரும்புத் தடுப்பு, மேலே கட்டும் கேரியர், பத்து பேர் நிற்கக்கூடிய பின் படிக்கட்டு எல்லாம் நிரந்தரச் சுமை. கழற்றிவிடலாம்.

டயர் காற்றைப் பற்றி ஒரு பத்தி போதும், ஆனால் அது மிக முக்கியமான பத்தி. டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனியாகவும், சுமைக்குத் தக்கபடியும் எத்தனை பவுண்டு என்று இருக்கும். பஞ்சர் கடைக்காரர் எல்லா பிக்கப்புக்கும் ஒரே அளவு வைப்பார். நீங்கள் தகட்டில் உள்ளதைச் சொல்லி வையுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால் ஆறிய பிறகு டயர் தொய்ந்துவிடும். அடுத்த முறை டயர் மாற்றும்போது நைலானுக்குப் பதில் ரேடியல் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் உருளும் தடை குறைவு.

கால், கியர், வேகம்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு 80-இல் போனால் 60-இல் போவதைவிட எவ்வளவு நேரம் மிச்சம்? தடையே இல்லாமல் போனாலும் பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை ஓசூருக்குள் நுழையும் நெரிசல் எடுத்துக்கொள்ளும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது; 60-இலிருந்து 80-க்குப் போகும்போது அது முக்கால் பங்குக்கும் மேல் உயர்கிறது. 1978-இல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் சிக்கன வேகம் மணிக்கு 45 முதல் 55 வரை. நான்குவழிச் சாலையில் அவ்வளவு மெதுவாகப் போக மனம் வராது என்றால் 60-ஐ ஒட்டி இடது ஓரமாகப் போங்கள். சதுரமான கேபினும் உயரமான சுமையும் கொண்ட பிக்கப்புக்கு இந்த ஒரு மாற்றமே மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் கொடுக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கியரில் இரண்டு தவறான பழக்கங்கள் உண்டு, இரண்டும் எதிரெதிரானவை. சிலர் மூன்றாவதிலேயே அலறவிட்டுப் போவார்கள். சிலர் மைலேஜ் கிடைக்கும் என்று நம்பி, ஏற்றத்தில் வண்டி முக்கி முனகினாலும் டாப் கியரை விடமாட்டார்கள். இந்த வகை டீசல் இன்ஜின்களின் இழுவை நிமிடத்துக்கு 1,500 முதல் 2,200 சுற்றுக்குள் நன்றாக இருக்கும். சமதளத்தில் 2,000 சுற்றை ஒட்டி அடுத்த கியருக்குப் போய்விடுங்கள். ஏற்றத்தில் 1,300-க்குக் கீழே விழவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகப் போகும். வண்டி திணறுவதற்குச் சற்று முன்னதாகவே ஒரு கியர் இறக்கி, காலைப் பாதியளவில் வைத்துச் சீராக ஏற்றுங்கள். சுற்றுமானி இல்லாத வண்டியில் காதுதான் கருவி. இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

மேடு தெரிந்ததும் அதன் அடியிலேயே வேகத்தைச் சற்றுச் சேர்த்துக்கொண்டு, ஏறும்போது வேகம் தானாகக் கொஞ்சம் குறையட்டும் என்று விடுவது நல்லது. ஏற்றத்தின் நடுவில் எதிர்பாராமல் முந்த முயல்வது டீசலுக்கும் உயிருக்கும் கேடு.

பிரேக்கை டீசல் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். மூன்று டன் வண்டியை நின்ற நிலையிலிருந்து 60-க்குக் கொண்டுவர, அந்த வேகத்தைக் கொடுப்பதற்கு மட்டும் 35 மில்லி டீசல் அளவுக்குத் தேவை. வேகத்தடைக்கு அருகில் போய் அடித்துப் பிடித்து நிறுத்துகிறவர் ஒவ்வொரு தடவையும் அந்த 35 மில்லியைப் பிரேக் டிரம்மில் சூடாக்கி விட்டுவிடுகிறார். தூரத்தில் தடை தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டால் வண்டி தன் வேகத்திலேயே போய்ச் சேரும். சுங்கச்சாவடிக்கும் அப்படியே. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஓரம் கட்டி நின்று ரீசார்ஜ் செய்வது நேரமும் டீசலும் சேர்ந்த செலவு.

இறக்கம்: இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள்

தொப்பூரில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று ஒரு நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள், புதியவர்கள் மறுபேச்சில்லாமல் செய்கிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது மட்டுமல்ல, தவறானதும்கூட.

வண்டி கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்தால், இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் கணினி இன்ஜெக்டர்களுக்கு டீசல் போவதை அடியோடு நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுழற்றுகிறது. ஆகவே இன்ஜின் அணைவதும் இல்லை, ஒரு சொட்டு டீசல் எரிவதும் இல்லை. நியூட்ரலில் போட்ட கணமே சக்கரத்தின் உதவி போய்விடுகிறது. இன்ஜின் தன்னை அணையாமல் வைத்துக்கொள்ள ஐடிலிங்குக்கான டீசலை எரித்தாக வேண்டும். கியரில் இறங்கினால் பூஜ்யம், நியூட்ரலில் இறங்கினால் ஐடிலிங் செலவு. மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய வண்டிகளிலும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது.

சிலர் ஒருபடி மேலே போய்ச் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். டீசல் வண்டியில், பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உருவாக்கும் பம்ப் இன்ஜின் சுற்றினால்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் சேமித்த வெற்றிடம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். சாவியைக் கூடுதலாகத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். தொப்பூர் கணவாய் ஏன் அடிக்கடி செய்தியில் வருகிறது என்று அந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரியான முறை இது. இறக்கம் தொடங்கும் முன்பே ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரைப் போட்டுக்கொள்ளுங்கள். தொப்பூரில் சுமையோடு மூன்றாவது. ஒகேனக்கல்லுக்கு இறங்கும் வளைவுகளிலும் அஞ்செட்டி மலைப்பாதையிலும் சில இடங்களில் இரண்டாவதுகூட வேண்டியிருக்கும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்காமல், வேகம் கூடும்போது ஒருமுறை உறுதியாக மிதித்துக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். டிரம் ஆற நேரம் கிடைக்கும். ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் நீண்ட, மெல்லிய இறக்கத்தில் டாப் கியரே போதும். காலை எடுத்தாலும் வண்டி ஓடும் இடங்கள் எவை என்று கவனித்து வாருங்கள். அவற்றை மனத்தில் பதித்துக்கொண்ட டிரைவர் திரும்பும் பயணத்தில் கணிசமான தூரத்தை டீசல் இல்லாமலே கடந்துவிடுவார்.

நின்றபடி எரியும் டீசல்

மாம்பழக்கூழ் ஆலைகளின் வாசலில் சீசன் நேரத்தில் நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். வண்டி ஓர் அடி நகரும், பத்து நிமிடம் நிற்கும். இரண்டரை லிட்டர் கொள்ளளவு இன்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏ.சி. ஓடினால் இன்னும் கூடும். அணைத்துவிடுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்ய அதிக டீசல் ஆகும் என்பது பழங்கதை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஏற்றத்தில் இழுத்துவந்த டர்போ வண்டியை உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள், டர்போவின் பேரிங்குக்கு ஆயில் ஓட்டம் வேண்டும்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகை விதிப்படி செய்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருந்தால், அது சேர்ந்த கரியை அவ்வப்போது தானாக எரித்துச் சுத்தம் செய்யும். அந்த நேரத்தில் டீசல் கூடுதலாகச் செலவாகும். பாதியில் அணைத்தால் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம் ஓட்டுகிறவர்கள் வாரத்தில் ஒருமுறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டினால் இந்தத் தொல்லை குறையும்.

இன்ஜினும் மெக்கானிக்கும்

இந்த மாவட்டங்களில் கிரானைட் குவாரிகள் அதிகம். குவாரிச் சாலையிலும் தோட்டத்து மண்பாதையிலும் ஓடும் வண்டியின் ஏர் ஃபில்டர் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு வெகு முன்பே அடைத்துக்கொள்ளும். திறந்து பாருங்கள், தூசி படிந்திருந்தால் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாகக் காற்றடியுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் ஊதி ஊதி ஓட்டாமல் புதிது போடுங்கள். கரும்புகைக்கு இன்னொரு காரணம் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயில் கீறல். விலை குறைந்த சாமான், மைலேஜைப் பெரிதாகத் தின்னும்.

ஏதாவது ஒரு சக்கரம் இறுகிப் பிடிக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பிரேக் அதிகம் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போயிருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து முழுதாக விடாமல் இருப்பதும் பழைய வண்டிகளில் சாதாரணம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடாகிறது என்று போனால் சில இடங்களில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். "நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்பார்கள். அந்த வால்வு இருந்தால்தான் இன்ஜின் சரியான வெப்பநிலைக்கு விரைவில் வந்து அங்கேயே நிற்கும். இல்லாத வண்டி, அதுவும் ஓசூர், தளி பக்கத்துக் குளிர்காலக் காலைகளில், வெகு நேரம் குளிர்ந்தபடியே ஓடி டீசலைக் கூடுதலாகக் குடிக்கும். பழைய பிக்கப் வாங்கியிருந்தால் அது இருக்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் அரை மணி ஓடியும் வெப்பமுள் கீழேயே கிடந்தால் பெரும்பாலும் இல்லை.

மெக்கானிக்கிடம் போகும்போது "மைலேஜ் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர் இன்ஜெக்டரில் தொடங்குவார். செலவும் அங்கேயே தொடங்கும். நோட்டைக் கொண்டுபோய் எந்தத் தேதியிலிருந்து, எந்த வழியில், எவ்வளவு சுமையில் குறைந்தது என்று காட்டுங்கள். திடீரென விழுந்ததா, மெல்ல மெல்லத் தேய்ந்ததா என்பது அவருக்குப் பாதி விடை. ஒரே நாளில் ஃபில்டர், ஆயில், டயர் எல்லாவற்றையும் மாற்றாமல் ஒன்றை மாற்றி, அதே வழியில் இரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் கலப்பது சட்டப்படி குற்றம், காமன் ரெயில் பம்ப்புக்கு விஷம்.

கடைசியாக, ஓசூரை அடுத்துக் கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி. கர்நாடகத்தில் டீசல் விலை குறைவாக இருக்கும் காலங்களில் எல்லை தாண்டிப் போய் நிரப்பிவருகிறவர்கள் இருக்கிறார்கள். பெங்களூருக்கு லோடு இருந்தால் தாராளமாக அங்கே நிரப்பலாம். அதற்காகவே ஓசூரிலிருந்து போக வேண்டுமா? லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைவு, நாற்பது லிட்டர் நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 120 ரூபாய். போக வர இருபது கிலோமீட்டருக்குக் காலி வண்டி ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடிக்கும். டீசல் 90 ரூபாய் என்றால் அதுவே 115 ரூபாய் ஆகிறது. சுங்கக் கட்டணமும், எல்லைக்கு அப்பால் பெர்மிட் கேட்டால் வரும் தலைவலியும் தனி.